சோறும் நடையும்: திருநெல்வேலிப் பக்கத்தில் உடல்நலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். காலையில் வ.உ.சி. மைதானத்துப் பக்கம் நடக்க வருகிறவர்கள், சொந்தக்காரர்கள், பழைய மாணவர்கள், அவர்களுடைய அம்மாக்கள் எல்லாரும் கேட்கும் கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். இவை பொதுவான அடிப்படைகள். கர்ப்பிணிகளும், இதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களும் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டுதான் எதையும் மாற்ற வேண்டும்.

உடம்பைக் கவனிக்கலாம் என்று முடிவு செய்துவிட்டேன். எதிலிருந்து ஆரம்பிக்க?

ஒரு தையல் டேப்பை எடுத்து இடுப்பை அளந்து பாருங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டபின், வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர். இந்தியர்களுக்கு என்று வைத்திருக்கும் எல்லை இது. கையும் காலும் ஒல்லியாக, வயிறு மட்டும் முன்னால் தள்ளி இருக்கும் ஆட்களை நம் தெருவிலேயே நிறையப் பார்க்கலாம். எடை மெஷினில் ஏறினால் "சரியாத்தான் இருக்கு" என்று வரும். ஆனால் வயிற்றுக்குள் குடலையும் ஈரலையும் சுற்றிச் சேர்ந்த கொழுப்புதான் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் வழிவிடுகிறது.

அடுத்து, 30 வயது தாண்டிய எல்லாரும் வருடத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தமும் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்ப்பார்கள். வெறும் வயிற்றில் 100க்குக் கீழே இருந்தால் நல்லது. 126ஐத் தொட்டு, இன்னொரு நாள் பார்த்தும் அப்படியே இருந்தால் அது சர்க்கரை நோய். இரண்டுக்கும் நடுவில் இருக்கிறவர்கள்தான் இந்தப் பக்கத்தை ரொம்பக் கவனமாகப் படிக்க வேண்டும். திருப்பி இறக்க வாய்ப்பு அதிகம் இருப்பது அவர்களுக்குத்தான். ரத்த அழுத்தம் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிப்போய்க் கையை நீட்டினால் கணக்குத் தப்பாக வரும்.

எங்கள் தாத்தா மூன்று வேளையும் கும்பா நிறையச் சோறு தின்றார். அவருக்கு ஒன்றும் வரவில்லை. எங்களை மட்டும் ஏன் குறைக்கச் சொல்கிறீர்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் பிடிபட்டால் மற்ற எல்லாமே பிடிபட்டுவிடும்.

தாத்தா சாப்பிட்ட சோறு சாயங்காலத்துக்குள் வயலில் கரைந்தது. மண்வெட்டி பிடித்து வரப்பு வெட்டினார், தாளடி உழுதார், நெல் மூட்டையைத் தோளில் சுமந்தார், சந்தைக்கு நடந்தே போய் வந்தார். ஆச்சி குளத்திலிருந்து குடத்தில் தண்ணீர் தூக்கினாள், உரலில் நெல் குத்தினாள், ஆட்டுரலில் மாவாட்டினாள், நாற்று நட்டாள். தாமிரபரணிப் பாசனத்தில் இரண்டு போகம் நெல் விளையும் ஊர்க்காரர்கள் சோறு நிறையத் தின்றதில் அதிசயம் இல்லை. வேலைக்கு ஏற்ற சாப்பாடு அது.

வேலை போய்விட்டது. சோறு மட்டும் அதே அளவில் நிற்கிறது. உழவுக்கு டிராக்டர் வந்தது, அறுவடைக்கு மெஷின் வந்தது, வீட்டுக்குள் மோட்டாரும் கிரைண்டரும் மிக்சியும் வந்தன. தெருமுனைக் கடைக்குக்கூட வண்டியில்தான் போகிறோம். இவை வந்தது நல்லதுதான். ஆச்சி பட்ட பாட்டை யாரும் திரும்பப் பட வேண்டாம். ஆனால் உடம்புக்குக் கிடைத்துக்கொண்டிருந்த வேலையை வேறு வழியில் கொடுத்தாக வேண்டும், சோற்றின் அளவையும் குறைத்தாக வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்து பார்த்தவர்கள் பாதியிலேயே நின்றுபோவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உடம்புக்குள் நடப்பது இதுதான். சோற்றின் மாவுச்சத்து செரித்து ரத்தத்தில் சர்க்கரையாகக் கலக்கிறது. அதைப் பெருமளவில் வாங்கி வைத்துக்கொள்ளும் குலுக்கை (தானியம் சேர்த்து வைக்கும் குதிர்) நம் தசைகள். வேலை செய்யும் தசையில் இடம் காலியாகிக்கொண்டே இருக்கும். உட்கார்ந்தே இருப்பவரின் குலுக்கை எப்போதும் நிறைந்திருக்கும். அப்புறம் வருகிற சர்க்கரை ரத்தத்திலேயே நிற்கும், ஈரலில் கொழுப்பாக மாறும், வயிற்றில் படியும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் 10 கோடிப் பேருக்குமேல் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. தமிழ்நாட்டு அளவு நாட்டின் சராசரியைவிட அதிகம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாத்தா தொண்ணூறு வயது வரை இருந்தார் என்று நினைவு வைத்திருக்கிறோம். அவருடன் பிறந்து சின்ன வயதிலேயே காலராவிலும் பிரசவத்திலும் போனவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பழைய காலத்தில் எல்லாரும் ஆரோக்கியமாக இருந்தார்கள் என்பது உண்மையில்லை.

சரி, தட்டில் எவ்வளவு சோறு வைக்கலாம்?

தட்டில் பாதி காயும் கீரையும். மீதிப் பாதியில் சோறு ஒரு பங்கு. பருப்பு, பயறு, முட்டை, மீன், தயிர் எல்லாம் சேர்ந்து ஒரு பங்கு. நம் வீடுகளில் இது தலைகீழாக இருக்கிறது. நடுவில் சோறு மலையாக நிற்கும், ஓரத்தில் வெஞ்சனம் (தொட்டுக்கொள்ளும் கறி) பொட்டு மாதிரி இருக்கும்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி, ஒரு நாளைக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குச் சொல்லும் அளவு இது: அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்து சமைக்காத எடையில் 250 கிராம், காயும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு, பயறு 85 கிராம், பாலோ தயிரோ 300 மில்லி, கடலை, எள் போன்றவை 35 கிராம். நாலு பேர் இருக்கும் வீட்டில் ஒரு நாளைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேலேயே காய் என்று கணக்கு வரும். மார்க்கெட்டில் வாங்கும் பையை நினைத்துப் பாருங்கள். எந்த வீட்டில் அவ்வளவு வாங்குகிறார்கள்?

நம் சமையலில் இதற்கு வழி இருக்கிறது. அவியல், கூட்டு, கீரைக் கடைசல், புடலங்காய்ப் பொரியல், வெண்டைக்காய்ப் பச்சடி எல்லாம் கல்யாண வீட்டில் மட்டும் வருவதற்குப் பதிலாக வீட்டில் தினமும் பெரிய கரண்டியில் வரட்டும். கூட்டாஞ்சோறு செய்தால் அரிசி ஒரு பங்கு, பருப்பும் காயும் கீரையும் இரண்டு பங்கு என்று மாற்றிப் போடுங்கள். ருசி கெடாது. முதலில் காயையும் பருப்பையும் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோற்றுக்குப் போனால் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். சர்க்கரைக்காரர்கள் செலவில்லாமல் செய்யக்கூடிய காரியம் இது.

அரிசியை மாற்றினால் போதுமா? கம்பு, சோளம், கைக்குத்தல் அரிசி?

கைக்குத்தலிலும் கம்பிலும் நார்ச்சத்து அதிகம், வயிறு சீக்கிரம் நிறையும். கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலில் கம்பும் சோளமும் உளுந்தும் காலங்காலமாக விளைகின்றன. வாங்கிச் சாப்பிடுங்கள். ஆனால் கம்பை நைசாக மாவாக்கி மூன்று தோசை ஊற்றித் தின்றால் அதுவும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான அம்பை 16 குண்டரிசியைச் சாப்பிடுகிறவர் அதையே அளவோடு சாப்பிட்டாலும் தப்பில்லை. முதல் கேள்வி எப்போதும் அளவுதான்.

பழைய சோறு?

நல்ல காலை உணவு, அதுவும் கோடையில். ராத்திரி ஊறும்போது வளரும் பாக்டீரியாக்கள் வயிற்றுக்கு நல்லவை. ஆறிய சோற்றில் ஒரு சிறு பகுதி எளிதில் செரிக்காத மாவாக மாறுகிறது. என்றாலும் அது சோறுதான். சின்ன வெங்காயத்தோடு கொஞ்சம் பயறோ, ஒரு முட்டையோ, கெட்டி மோரோ சேரட்டும். தொட்டுக்கொள்ள மோர்மிளகாய் ஒன்று போதும், அதில் உப்பு அதிகம்.

புரதம், புரதம் என்கிறார்கள். சைவக்காரர்கள் எங்கே போவது?

உங்கள் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. 60 கிலோ எடை என்றால் 50 கிராம். இதை எட்டுவது கஷ்டமில்லை. ஆனால் கவனிக்காமல் விட்டால் எட்டாது. காலையில் நாலு இட்லியில் 8 கிராம் வரும். தண்ணீராக ஓடும் சாம்பாரில் பெரிதாக ஒன்றும் வராது. மதியம் ரசமும் மோரும் ஊற்றிச் சோற்றை முடித்து, ராத்திரி இரண்டு தோசையும் சட்னியும் என்றால் 30ஐத் தாண்டுவதே பாடு. சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் திரும்பப் பசிக்கிறது, முறுக்குத் தேடுகிறோம் என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இங்கே நம் ஊர் உளுந்தஞ்சோற்றைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. தொலியுள்ள கறுப்பு உளுந்தும் அரிசியும் பூண்டும் தேங்காயும் போட்டுப் பொங்கி, எள்ளுத் துவையல் வைத்துச் சாப்பிடுகிறோம். புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற சிறு துண்டுகள் கோத்த சரம். அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, உளுந்தில் அது நிறைய உண்டு. உளுந்தில் குறைவாக இருக்கும் மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம் அரிசியிலும் எள்ளிலும் இருக்கிறது. மூன்றும் சேர்ந்தால் உடம்புக்குத் தேவையான அமினோ அமிலங்கள் முழுமையாகக் கிடைத்துவிடும். 100 கிராம் உளுந்தில் 24 கிராம் வரை புரதம் உண்டு. வாரம் ஒருநாள் செய்வதை இரண்டு நாள் ஆக்கலாம், அரிசியைக் குறைத்து உளுந்தைக் கூட்டலாம். பெண்பிள்ளைகள் வயதுக்கு வந்ததும் உளுந்தங்களி கிண்டிக் கொடுத்த கைகளுக்கு நான் இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. அந்த உளுந்தைப் பதினாறு நாளோடு நிறுத்தாமல் ஆயுசுக்கும் கொடுங்கள், வீட்டு ஆம்பிளைகளுக்கும் சேர்த்து.

மற்றபடி முளைகட்டிய பாசிப்பயறு, சுண்டல், ஒரு கை நிறைய நிலக்கடலை (30 கிராமில் ஏறத்தாழ 7 கிராம் புரதம்), தயிர். அசைவக்காரர்களுக்கு முட்டை ஒன்றுக்கு 6 கிராம். மீனில் நான் முதலில் சொல்வது சாளை (மத்தி). விலை குறைவு, 100 கிராமில் 20 கிராம் புரதம், இதயத்துக்கு நல்ல ஒமேகா-3 கொழுப்பும் உண்டு. வறுப்பதைவிடக் குழம்பு வையுங்கள்.

சொதி சாப்பிடலாமா?

தாராளமாக. மறுவீட்டுக்குச் சொதி வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்? சொதிக்கு ஊற்றும் தேங்காய்ப்பாலில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம் என்பதால் வாராவாரம் வேண்டாம். வைக்கிற நாளில் கேரட், பீன்ஸ், முருங்கைக்காய், பாசிப்பருப்பைக் கூட்டிப் போட்டு, முதல் பாலைக் கொஞ்சம் குறையுங்கள். கூட வரும் உருளைக்கிழங்கு சிப்ஸ்தான் பிரச்சினை, இஞ்சிப் பச்சடி இல்லை.

கருப்பட்டி சர்க்கரை நோயாளிகளுக்கு நல்லதுதானே?

இல்லை. அதில் கொஞ்சம் தாதுச்சத்து இருக்கிறது, பெரும்பகுதி சர்க்கரைதான். ரத்தத்துக்கு உடன்குடிக் கருப்பட்டி, வெள்ளைச் சீனி என்ற வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. பனைத்தொழிலாளிகள்மேல் எனக்குள்ள மரியாதை பெரியது. சர்க்கரை இல்லாதவர்கள் சீனிக்குப் பதிலாக அதையே அளவாகப் பயன்படுத்துங்கள். சர்க்கரை உள்ளவர்கள் கருப்பட்டிக் காப்பியையும் இனிப்புக் காப்பியாகவே கணக்கில் எழுத வேண்டும். பதநீரும் அப்படியே. இளநுங்கு சாப்பிடலாம், அதில் பெரும்பகுதி தண்ணீர்.

அல்வா?

கோதுமைப் பால், சீனி, நெய். சத்து என்று தேடுவதற்கு அதில் ஒன்றுமில்லை. திருநெல்வேலியில் பிறந்தவன் ஒருவனிடம் அல்வாவே கூடாது என்று சொல்லவும் எனக்கு மனம் வராது. விருந்தாளி வந்தால், விசேஷம் வந்தால், இலைத்துண்டில் ஒரு சின்னப் பங்கு. அதன்மேல் கையில் கொட்டும் மிக்சர் வேண்டாம். சாயங்காலப் பசிக்கு அல்வா தின்பது கெட்ட பழக்கம். சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிட்டு, டவுன் ரதவீதிகளை ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள் கட்டுக்குள் வரும்வரை தள்ளிப் போடுங்கள்.

எந்த எண்ணெய் நல்லது?

ஒருவருக்கு நாளொன்றுக்கு 25லிருந்து 30 கிராம். நாலு பேர் வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டருக்குள் முடிய வேண்டும், தேங்காய் எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து. நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். செக்கில் ஆட்டினாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். வடை சுட்ட எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்ச வேண்டாம்.

எவ்வளவு நடக்க வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான வேகத்தில். ஐந்து நாள், அரை மணி நேரம். மிதமான வேகம் என்றால் பேச முடியும், பாட முடியாது. தூத்துக்குடி முதல் தென்காசி வரையிலான ஊர்க்கதை முழுவதையும் நிறுத்தாமல் பேசிக்கொண்டு நடக்க முடிகிறது என்றால் வேகம் போதவில்லை. பத்தாயிரம் அடி என்ற எண்ணைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம், அதற்கு ரொம்பக் கீழேயே பலன் தொடங்கிவிடுகிறது. சும்மா இருக்கிறவர் பத்து நிமிடம் நடக்கத் தொடங்குவதில் கிடைப்பதுதான் பெரிய லாபம்.

மைதானம்தான் வேண்டும் என்றில்லை. குறுக்குத்துறை ஆற்றங்கரை இருக்கிறது. அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்தது. கிராமத்தில் வாய்க்கால் கரையும் குளத்துக் கரையும் போதும். நீந்தத் தெரிந்தவர்களுக்கு ஆறே பெரிய பயிற்சிக்கூடம், மூட்டுக்கும் பாரம் இல்லை. அணை திறந்த நாட்களிலும், ஆழம் தெரியாத கசத்திலும் இறங்க வேண்டாம். வருஷா வருஷம் பிள்ளைகளைப் பறிகொடுக்கிறோம்.

மூன்று வேளையும் சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடப்பது தனியாகவே பலன் தரும். சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை அது நேரடியாகக் குறைக்கிறது.

நாள் முழுக்க வீட்டு வேலை செய்கிறேன். தனியாக உடற்பயிற்சி எதற்கு?

மதினிமார் எல்லாரும் கேட்பது இது. கேட்பதில் நியாயமும் இருக்கிறது. காலையில் எழுந்ததிலிருந்து கால் ஓய்வதில்லை. அந்த அசைவுக்குப் பலன் உண்டு, யாரும் அதை மறுக்கக் கூடாது. ஆனால் பாத்திரம் கழுவுவதும் துணி மடிப்பதும் தசையை வளர்க்கும் அளவுக்குப் பாரமான வேலைகள் அல்ல. அதே தோளும் அதே முதுகும் ஒரே மாதிரி குனிந்து சோர்கின்றன.

முப்பது வயதுக்குப்பின் ஒவ்வொரு பத்து ஆண்டிலும் 3 முதல் 8 சதவீதம் தசை கரைகிறது. அறுபதுக்குப்பின் இன்னும் வேகம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பும் சேர்ந்து மெலிகிறது. தரையிலிருந்து எழுந்திருக்கக் கையை ஊன்றுவது, அப்புறம் கட்டிலைப் பிடிப்பது, அப்புறம் ஆளைக் கூப்பிடுவது என்று அது படிப்படியாக வருகிறது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பெரியம்மாக்களை எல்லாக் குடும்பத்திலும் பார்க்கிறோம். இது விதியில்லை. எழுபது வயதில் தொடங்கினாலும் தசை வளரும்.

வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், இருபது நிமிடம் ஒதுக்குங்கள். சுவரோடு போட்ட நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்து மறுபடி உட்காருவது, பத்துத் தடவை. சுவரில் இரண்டு கையையும் வைத்துத் தண்டால் எடுப்பது, பத்துத் தடவை. அடுப்படித் திண்டைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது. ஒரு லிட்டர் பாட்டில் இரண்டில் தண்ணீர் நிரப்பி, முழங்கையை மடக்கித் தூக்குவது, தலைக்கு மேலே உயர்த்துவது. ஒற்றைக் காலில் பத்து எண்ணும் வரை நிற்பது, பக்கத்தில் பிடிக்க ஏதாவது இருக்கட்டும். ஒவ்வொன்றையும் இரண்டு சுற்று. கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருந்தால் அளவு சரி. சுலபமாகிவிட்டால் பாட்டிலில் மணலைப் போடுங்கள், நாற்காலிக்குப் பதில் தாழ்ந்த முக்காலியை வையுங்கள். மூச்சை அடக்க வேண்டாம், தூக்கும்போது வெளியே விடுங்கள்.

நைட்டியோடு, கதவைச் சாத்திக்கொண்டு, டிவி ஓடும்போதே செய்யலாம். வீட்டு ஆம்பிளைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அந்த இருபது நிமிடம் "காப்பி எங்கே?" என்று கூப்பிடாதீர்கள்.

பீடி சுற்றும் பெண்கள் என்ன செய்வது? எழுந்தால் கூலி போகிறதே?

மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம், கடையம் என்று எத்தனையோ வீடுகள் இந்தத் தொழிலில் நிற்கின்றன. மடியில் சுளகை வைத்துக் குனிந்தபடி மணிக்கணக்கில் உட்காருவதால் கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால் எல்லாம் பிடித்துக்கொள்கின்றன. எண்ணிக்கைக்குத்தான் கூலி என்பதால், எழுந்து உலாத்துங்கள் என்று சும்மா சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

ஒரு கட்டு முடிந்ததும் அடுத்ததை எடுக்கும் முன் எழுந்து நின்று, கையை இடுப்பில் வைத்துப் பின்னால் மெல்ல வளையுங்கள், தோளைப் பின்பக்கமாகச் சுழற்றுங்கள். ஒரு நிமிடம் ஆகும். சுவரில் சாய்ந்து, இடுப்புக்குப் பின்னால் சுருட்டிய துணியை வைத்து, சுளகுக்கு அடியில் ஒரு தலையணை கொடுத்தால் குனிவது குறையும். விரல்களை அடிக்கடி விரித்து மடக்குங்கள்.

புகையிலைத் தூள் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். ஜன்னலைத் திறந்து வைத்துச் சுற்றுங்கள், சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், தூளும் இலையும் பிள்ளைகள் தூங்கும் இடத்தில் இருக்க வேண்டாம். கர்ப்பமாக இருப்பவர்கள் முடிந்தவரை இதிலிருந்து விலகி இருப்பது நல்லது. குடும்பத்தார் அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

எப்போதும் அசதி, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சத்துக் குறைவா?

பெண்ணாக இருந்தால் முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். 12க்குக் கீழே என்றால் ரத்தசோகை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு அது இருந்தது. இரண்டில் ஒருவர்!

முருங்கைக்கீரை, பயறு, எள், ஈரல், மீன் சாப்பிடுங்கள். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். புளியங்குடி எலுமிச்சைக்கு நமக்கு என்ன பஞ்சம்? சாப்பாட்டோடு டீ, காப்பி குடித்தால் சேராது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். ரத்தம் ரொம்பக் குறைந்திருந்தால் சாப்பாடு மட்டும் போதாது, சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரை வேண்டும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஆண்களுக்கும் வயதானவர்களுக்கும் ரத்தம் குறைந்தால் எங்காவது கசிகிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும்.

முழங்கால் வலி இருக்கிறது. நடக்கலாமா?

தேய்மான வலி என்றால் நடக்காமல் இருந்தால்தான் கூடும். தொடைத் தசை பலப்பட்டால் முட்டிமேல் பாரம் குறையும். மேலே சொன்ன நாற்காலிப் பயிற்சியை உயரமான நாற்காலியில் செய்யுங்கள். சமதரையில், நல்ல செருப்போடு பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து நடங்கள். மூட்டு வீங்கிச் சிவந்து சூடாக இருந்தால் நடை வேண்டாம், டாக்டரைப் பாருங்கள்.

கத்திரி வெயிலில் என்ன செய்வது?

காலை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள், இல்லையென்றால் வெயில் தாழ்ந்தபின். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் தண்ணீர், மோர், இளநீர். வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு சிறு கரண்டி சீனியும் அரைச் சிறு கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, கலந்து குடிக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைத்தால் அது இன்னும் நல்லது.

வேர்க்கிறது என்று தினமும் உப்பைக் கூட்ட வேண்டாம். நாளொன்றுக்கு 5 கிராம், ஒரு சிறு கரண்டி அளவுதான் எல்லை. கருவாடு, ஊறுகாய், வத்தல், அப்பளம், மிக்சர் என்று நாம் ஏற்கெனவே அதைத் தாண்டித்தான் இருக்கிறோம்.

நடக்க ஆரம்பித்தபின் சர்க்கரை குறைந்துவிட்டது. மாத்திரையை நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தக் கூடாது. குறைந்திருப்பதைக் காட்டினால் மருத்துவரே அளவைக் குறைப்பார். ரத்தக்கொதிப்பு மாத்திரைக்கும் இதேதான். ஆஸ்பத்திரிக்குப் போய்வர முடியாதவர்களுக்கு 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட நேரம் நடக்க வேண்டாம். கை நடுக்கம், வேர்வை, படபடப்பு வந்தால் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். உடனே மூன்று சிறு கரண்டி சீனியைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். பையில் எப்போதும் கொஞ்சம் சீனி இருக்கட்டும். வெறுங்காலோடு நடக்க வேண்டாம். ராத்திரி படுக்கும் முன் பாதத்தைப் பாருங்கள், உணர்ச்சி குறைந்த காலில் முள் குத்தினாலும் தெரியாது.

பையன் ஜிம்முக்குப் போகிறான். பவுடர் வாங்கித் தரலாமா?

ஜிம்முக்குப் போவது நல்லது. பவுடர் பாலிலிருந்து எடுத்த புரதம்தான். முட்டையும் பயறும் நிலக்கடலையும் சாப்பிடுகிறவனுக்குத் தேவைப்படாது. யாராவது ஊசியோ பெயர் தெரியாத மாத்திரையோ கொடுத்தால் அந்த இடத்துக்கே அனுப்பாதீர்கள். ஸ்டீராய்டு இதயத்தையும் ஈரலையும் கெடுக்கும், பிள்ளைப்பேற்றையும் பாதிக்கும்.

தூக்கம்?

பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது. தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும், சர்க்கரையும் கூடும். போனை அடுத்த அறையில் வையுங்கள். பலத்த குறட்டைவிட்டு, இடையில் மூச்சு நின்று திணறுகிறவரை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

தினமும் நடக்கிறேன். எப்போதாவது பீடியோ, ஒரு குவார்ட்டரோ?

நடையால் அதை ஈடுகட்ட முடியாது. பீடி சிகரெட்டைவிடப் பாதுகாப்பானது என்பதும் பொய். மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகவே சொல்லிவிட்டது.

எந்த அறிகுறிக்கு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

நடு நெஞ்சில் அழுத்தமோ இறுக்கமோ, இடது கைக்கும் தாடைக்கும் பரவும் வலி, குளிர்ந்த வேர்வை. நம் ஆட்கள் "வாய்வுப் பிடிப்பு" என்று சொல்லி ஒரு சோடாவைக் குடித்துவிட்டுப் படுப்பார்கள். அப்படிப் படுத்து எழாதவர்கள் உண்டு. பெண்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத் திணறலும் அசதியுமாகவே மாரடைப்பு வரலாம்.

வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் விழுவது, பேச்சுக் குழறுவது பக்கவாதம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அதனால் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். இரு சக்கர வண்டியில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோக வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். சி.டி. ஸ்கேன் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு நேராகப் போக வேண்டும். பாளையங்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் என்றால் ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி. களக்காடு, பாபநாசம் பக்கத்து மலையடிவார ஊர்க்காரர்கள், பக்கத்தில் ஸ்கேன் வசதி எங்கே இருக்கிறது என்பதை இன்றைக்கே விசாரித்துச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.